ஒற்றைக்கால் காக்கா

“அம்மா!”

மொட்டைமாடியிலிருந்து அனுஷா போட்ட அலறலில், மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்த உதவிக்காரி ஜெபமலரின் விரலில் ஊசி ஏறிவிட்டது. செண்பகவல்லி அடுப்பில் கொதித்த சொதியை அப்படியே விட்டுவிட்டுப் படியில் ஓடினாள். பிள்ளை கைப்பிடிச் சுவரில் ஏறிவிட்டாளா, கரண்டுக் கம்பியைத் தொட்டுவிட்டாளா என்று மனசு என்னென்னவோ கணக்குப் போட்டது.

ஆரியசாலையின் அந்தச் சந்தில் கீழ்த்தளம் முழுக்க மொத்த வியாபாரியின் மிளகாய் வற்றல் கிடங்கு. மேல்தளம் இவர்கள் வீடு. வீட்டின் முன்னறைதான் தையல்கூடம். ஞாயிற்றுக்கிழமை கிடங்கு பூட்டிக் கிடந்தாலும் நெடி மட்டும் விடுமுறை எடுப்பதில்லை. இரண்டு தும்மலோடுதான் அவள் மாடிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அனுஷா முழுசாகத்தான் நின்றாள். கொடிக்கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கயிற்றில் வரிசையாக வெள்ளைத் துணிகள் ஆடிக்கொண்டிருந்தன.

“படம் ஒண்ணும் காணலேம்மா” என்றாள் அனுஷா. “எல்லாம் போயி.”

பக்கத்தில் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தான் அவள் அப்பா லிங்கராஜ். அவன் முகத்தில் ஒரு நல்ல காரியம் செய்து முடித்த களை.

“என்னளா, ஏன் இப்படி மூச்சு வாங்க ஓடி வாரே? நனைக்காத துணின்னு காலையில இருந்து புலம்பினியே. சரி, நாமளாவது செய்வோம்னு நனைச்சுப் போட்டேன். மடிப்புக் கலையாம முக்கி, மடிப்புக் கலையாம எடுத்தேன், பாரு. நூல் ஒரு இழை கோணலை.”

செண்பகவல்லி ஒரு துணியைப் பிடித்து வெளிச்சத்தில் விரித்தாள். வெறும் வெள்ளை. அடுத்ததை விரித்தாள். அதுவும் வெள்ளை. தும்பைப்பூ மாதிரி, ஒரு கறைகூட இல்லாத வெள்ளை.

“உள்ள பிரிச்சுப் பாத்தியளா?”

“எதுக்குப் பிரிக்கணும்? பிரிச்சு நனைச்சா இழை சாயும்லா?”

“புள்ளைங்க வரைஞ்ச துணிங்க இது!”

லிங்கராஜின் கையிலிருந்த வாளி தானாகக் கீழே போனது.

அவன் சாலை என்று பேர் பெற்ற கடைத்தெருவில் ஜவுளி மொத்தக் கடையில் வேலை பார்க்கிறவன். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து அவனுடைய அப்பா காலத்திலேயே இந்த மலையாள ஊருக்கு வந்து சேர்ந்த குடும்பம். துணியை மடிப்பை உடைக்காமல் தண்ணீரில் முக்கிக் காயப்போட்டால்தான் பிறகு சுருங்காது என்பது அவர்கள் கடையில் எல்லோருக்கும் பழக்கமான சங்கதி. செண்பகவல்லிக்கு வரும் ஒவ்வொரு புதுத் துணியையும் அவன்தான் நனைத்துக் கொடுப்பான். இந்தத் தடவை அவளுக்குத் தையல் வேலை கொடுக்கும் உடுப்புக் கடைக்காரி சுஜா சேச்சி அவசரத்தில், கடையிலிருந்து கஞ்சி மொடமொடப்போடு எடுத்த துணியையே நேராகப் பிள்ளைகளிடம் கொடுத்து வரையவைத்துவிட்டாள். வரைந்த பக்கத்தை உள்ளே வைத்து மடித்து அனுப்பியிருந்தாள். வெளியே பார்த்தால் கடைத் துணிதான்.

வரைவதற்குக் கொடுக்கிற நீலப் பேனாவின் குணம் தண்ணீர் பட்டால் மறைவது. கோட்டின்மேல் ஜெபமலர் மெஷினில் நூல் போட்டு முடித்ததும் ஒருமுறை அலசினால் மை போய் நூல் மட்டும் நிற்கும். அதற்காகவே அந்தப் பேனா. நூல் போடுவதற்கு முன்னால் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்பதை இப்போது கொடிக்கயிறு சொல்லிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் ஆரம்பித்ததே அனுஷாவால்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்புகிற நேரத்தில், புது வெள்ளைக் கவுனில் பேனாவால் கிறுக்கி வைத்திருந்தாள். செண்பகவல்லி கையை ஓங்கிவிட்டாள். அப்புறம் பார்த்தால் அந்தக் கிறுக்கல் ஒரு பஸ். பஸ்ஸுக்குள் ஏழெட்டுத் தலை, எல்லாத் தலைக்கும் சிரிப்பு, டிரைவருக்கு மட்டும் அழுகை. மாற்றுக் கவுன் கிடையாது. சிவப்பு நூலை எடுத்து அந்தக் கோட்டின்மேலேயே ஓடவிட்டாள். அந்தக் கவுனோடு பிள்ளை லிங்கராஜின் கடைக்குப் போனபோது துணி எடுக்க வந்த சுஜா கண்ணில் பட்டது. சாஸ்தமங்கலத்தில் பிள்ளைகளுக்கான உடுப்புக் கடை வைத்திருப்பவள் சுஜா. அவள் கடைக்கு ‘குட்டிவர’ என்று பெயர் வைத்ததும் அந்தக் கவுனைப் பார்த்த பிறகுதான். மலையாளத்தில் வர என்றால் கோடு.

அன்றிலிருந்து பிள்ளை வரைந்ததை, பிள்ளை கேட்டபடி தைத்துக் கொடுப்பதே செண்பகவல்லியின் தொழிலாயிற்று. அம்மாமார் வெளியே உட்கார வேண்டும். பிள்ளைதான் பேச வேண்டும். பொத்தான் முன்னால் வேண்டுமா, பக்கத்தில் வேண்டுமா, பாக்கெட் எங்கே? ஒரு பயல் முதுகில் பாக்கெட் கேட்டான். பின்னால் வருகிறவர்கள் மிட்டாய் போட வசதியாம். செண்பகவல்லி சிரிக்காமல் அளவெடுத்து முதுகிலேயே வைத்துக் கொடுத்தாள். சட்டைக்குள் தொங்கும் சீட்டில் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் அச்சடித்திருக்கும்: ‘இதிலுள்ள ஒவ்வொரு கோடும் குழந்தையின் கைக்கோடு. நாங்கள் ஒன்றையும் மாற்றவில்லை.’

அடுத்த ஞாயிறு கடையில் விழா. வரைந்த பிள்ளைகள் அவரவர் உடுப்பைப் போட்டுக்கொண்டு நடந்து வரவேண்டும். அந்த உடுப்புகளுக்கான துணிகள்தான் மாடியில் வெளுத்துத் தொங்கின.

“சுஜா மேடத்துக்குப் போனப் போடு” என்றான் லிங்கராஜ். “நான் பேசுதேன். நான்தானே கெடுத்தேன். அடிக்கவா போறாவ?”

“சும்மா இருங்க. நான் பேசிக்கிடுதேன்.”

சொதி அடிப்பிடித்த வாசனை வந்துகொண்டிருந்தது. ஜெபமலர் ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு, விரலை வாயில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். குழித்துறையிலிருந்து தினம் ரயிலில் வருகிறவள் அவள். விழா நெருங்கியதால் ஞாயிற்றுக்கிழமையும், சர்ச் முடிந்த கையோடு வந்திருந்தாள்.

“எக்கா, உள்ளதச் சொல்லிருங்க. சொன்னா அந்தப் பிள்ளைகள இன்னும் ஒருக்கா வரச்சொல்லி வரைய வைப்பாவ. அம்புட்டுத்தானே?”

அதைச் சொல்லத்தான் செண்பகவல்லி போனை எடுத்தாள். எடுத்தவள் முதலில் சுற்றி வளைத்தாள்.

“சேச்சி, புள்ளைங்க வரையும்போது போட்டோ ஏதாவது எடுத்தீங்களா?”

“இல்லடே” என்றாள் சுஜா. சாலைக் கடைகளில் பேசிப் பழகிய தமிழ் அவளுக்கு. “கேமரா கண்டா குட்டிகள் வரையறத விட்டுட்டுச் சிரிக்கத் தொடங்கும். அதுகொண்டு நான் எடுக்கவே மாட்டேன். பின்னே, செண்பகம், நானே உன்னை விளிக்கணும்னு இருந்தேன். இந்தத் தடவை சட்டைச் சீட்டுல உன் பேரு போடுதேன், கேட்டோ? ‘வடிவமைப்பு: செண்பகவல்லி’. பிரஸ்ஸுக்குக் கொடுத்தாச்சு. ஞாயிறாழ்ச்ச எல்லார் முன்னாடியும் உன்னை மேடைக்குக் கூப்பிடுவேன். நல்ல சாரி ஒண்ணு உடுத்திட்டு வா.”

செண்பகவல்லி போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

“என்ன, கேக்குதா?”

“கேக்குது சேச்சி.”

“போட்டோ எதுக்கு?”

“சும்மாதான் கேட்டேன். வைக்கட்டா?”

போனை வைத்தபோது மூன்று பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து வருஷம் அவள் ஊருக்கெல்லாம் ரவிக்கை தைத்தாள். யாரும் பெயர் கேட்டதில்லை. ‘மிளகாய்க் கிடங்கு மாடிக்காரி’ என்றுதான் சொல்வார்கள். இப்போது பெயர் பிரஸ்ஸில் அச்சாகிக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் போய் எல்லாம் தண்ணீரில் போச்சு என்று சொன்னால், பெயரும் தண்ணீரில் போகும்.

“அனுஷா” என்றாள். “நேத்து நீ இந்தத் துணியெல்லாம் தரையில விரிச்சுப் பாத்தேல்லா?”

“ம்.”

“எது யாரு வரைஞ்சது, எப்படி இருந்துச்சு, எல்லாம் ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. கைலாஷ் லாரி. அதுக்கு மேலயும் டயர். குட்டிக்கரணம் போட்டாலும் ஓடுமாம். சுமந்த் வெறும் கோணிப்படி, மாடிக்கு ஏறுற படி மட்டும், வீடே இல்ல. பின்னே ஒரு சக்கைப்பழத்துக்கு முள்ளுக்கு நடுவுல கண்ணு. பின்னே...”

“வரைஞ்சு தாரியா?”

அனுஷாவுக்கு விளங்கவில்லை. “யாரு? நானா? அது அவங்க வரைஞ்சது அல்லே?”

“அவங்கதான். அது அழிஞ்சு போச்சுல்லா? நீ அதே மாதிரிப் போட்டுத் தந்தா அவங்களுது அவங்களுக்குக் கிடைச்ச மாதிரிதானே?”

“அய்யோ, எக்கா” என்றாள் ஜெபமலர். “பிள்ளைய இதுல இழுக்காதிய.”

“பெரியவங்க கை பட்டா தெரிஞ்சிரும் ஜெபா. குழந்தைக் கைதான் வேணும்.”

“அதுக்கு?”

“நீ நூலக் கோத்து வை.”

லிங்கராஜ் ஏதோ சொல்ல வந்து, சொல்லும் தகுதியைக் காலையிலேயே வாளியில் முக்கிவிட்டதால், கீழே இறங்கிப்போனான். திரும்பி வரும்போது ஒரு பொட்டலம் ரசவடையும் தூக்குச்சட்டியில் சாயாவும் கொண்டுவந்தான். அவனால் முடிந்தது அது.

மறுநாள் காலையில் அனுஷாவுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்துக்குச் சொல்லியாயிற்று. செண்பகவல்லி டீச்சரிடம் மலையாளத்தில் பேசி முடிக்கிறவரை அனுஷா தன் நெற்றியைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துலா மாதத்து மழை, நம் ஐப்பசி மழை. காலையெல்லாம் வெயில் காயும். மதியம் தாண்டியதும் கிழக்கே கருத்து, இடியோடு வந்து கொட்டும். முன்னறையில் லைட்டைப் போட்டு, பாயை விரித்து, காய்ந்த துணிகளைப் பலகையில் குண்டூசியால் இழுத்துப் பொருத்திக் கொடுத்தாள் செண்பகவல்லி. அனுஷா குப்புறப் படுத்து வரையத் தொடங்கினாள்.

முதல் துணி கெட்டது. லாரியின் ஜன்னலில் ஒரு நாய் எட்டிப் பார்த்தது.

“கைலாஷ் நாய் போட்டிருந்தானா?”

“இல்ல. நாய் இருந்தா நல்லா இருக்கும்னு தோணிச்சு.”

“உனக்குத் தோணுறத இதுல போடக்கூடாது, கேட்டியா? அவனுக்குத் தோணுனதத்தான் போடணும்.”

துணியைத் தண்ணீரில் முக்கினாள். நாய் போய்விட்டது.

இரண்டாவது தடவை நாய் வரவில்லை. மூன்றாவது துணியிலிருந்து அனுஷாவுக்கு வித்தை பிடிபட்டுவிட்டது. எந்தப் பிள்ளை எப்படிப் பேனா பிடித்திருக்கும் என்று யோசித்து அப்படியே பிடித்தாள். சுமந்தின் கோணிப்படிக்கு வந்ததும் பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“எதுக்குட்டி இடது கை?”

“அவன் சின்னக் குட்டிம்மா. எல்கேஜி. அவனுக்குக் கோடு நடுங்கும். எனக்கு இந்தக் கையிலதான் நடுங்கும்.”

மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள் ஜெபமலர். “எம்மோ! இவள வெளியே விட்டா அடுத்தவன் கையெழுத்தப் போட்டு நிலத்து ஆதாரமே எழுதி வாங்கிருவாளே!”

செண்பகவல்லி சிரித்தாள். நேற்று காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தாள். பிள்ளையின் உச்சியில் ஒரு முத்தம் கொடுத்து, “என் தங்கம், உன்னால தப்பிச்சேன்” என்றாள். அனுஷாவின் முகம் பூத்துவிட்டது. அம்மாவிடம் அப்படி ஒரு வார்த்தையை அவள் அடிக்கடி கேட்டதில்லை. அதன்பிறகு நாய், பூனை என்று எதையும் சேர்க்க அவள் ஆசைப்படவே இல்லை.

சாயங்காலம் காக்கா வந்தது. கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் இருக்கிற ஜானவி என்ற பெண் வரைந்தது. பெரிய காக்கா, பெரிய மூக்கு, கண் இருக்கிற இடத்தில் ஒரு பூ. அனுஷா மளமளவென்று வரைந்து கீழே ஒரு கால் போட்டு, பேனாவை மூடினாள்.

“இன்னொரு கால் எங்க?”

“ஒண்ணுதான்.”

“காக்காவுக்கு ஒத்தக் காலா? நல்லா யோசிச்சுப் பாரு.”

“ஒண்ணுதாம்மா இருந்துச்சு.”

“நீ மறந்திருப்பே. மடிப்புல மறைஞ்சிருக்கும். ரெண்டாப் போடு.”

“இல்லம்மா, ஒண்ணுதான். நான் கண்டேன்.”

“சொன்னாக் கேளுட்டி. ஒத்தக் காலோட கொண்டுபோய்க் கொடுத்தா, தச்சவளுக்குக் கண்ணு இல்லையான்னு கேப்பாவ. போடு.”

வெளியே இடி இறங்கியது. கரண்டு போய் வந்தது. லைட் திரும்ப எரிந்தபோது காக்காவுக்கு இரண்டு கால்கள் இருந்தன.

துணிகள் மெஷினுக்குப் போயின, கத்தரிக்குப் போயின, உடுப்புகளாக வந்தன. அந்த வாரம் முழுக்க வீட்டில் காலையில் தோசை, ராத்திரியும் தோசை. லிங்கராஜ் கடை முடிந்து வந்து பொத்தான் கட்டினான். யாரும் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேசவில்லை. அனுஷாவிடம் மட்டும் செண்பகவல்லி ஒருமுறை சொன்னாள்: “யாருகிட்டயும் சொல்லக்கூடாது. சரியா? சுஜா ஆன்ட்டிகிட்ட, ஸ்கூல்ல, யாருகிட்டயும்.”

“சொல்லமாட்டேன்” என்றாள் அனுஷா. அவள் எப்போதுமே சொன்னபடி நடக்கிற பிள்ளை.

விழா நன்றாகத்தான் நடந்தது. சாஸ்தமங்கலம் கடையில் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளி, நடுவில் சிவப்பு விரிப்புப் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக நடந்து வந்து தன் படத்தைக் காட்டினார்கள். கைலாஷ் லாரி சட்டையோடு நிஜமாகவே குட்டிக்கரணம் போட்டான். சுமந்த் தன் கோணிப்படியை விரலால் தடவித் தடவி அழகு பார்த்தான். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பட்டுச்சேலையில் ஓரமாக நின்ற செண்பகவல்லிக்கு நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி இருக்க வேண்டிய இடத்துக்கு வந்தது.

“இந்தத் தடவை எல்லாத்தையும் கவர்ந்துட்ட” என்று சுஜா அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். “என்னொரு ஒழுங்கு! கோடு எல்லாம் என்ன தெளிவு!”

அடுத்தது ஜானவி வந்தாள். மஞ்சள் ஓரம் வைத்த வெள்ளைக் கவுன், கறுப்பு நூலில் காக்கா. பாதி தூரம் வந்தவள் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள். நின்றுவிட்டாள்.

“அம்மா, இது என் காக்கா இல்லே.”

முன்வரிசையிலிருந்து அவள் அம்மா ஜெயலக்ஷ்மி எழுந்து வந்தாள். “என்னடி? உன்னோடதுதான். கண்ணுல பூ இருக்கு பாரு.”

“என் காக்காக்கு ஒரு கால்தான்.”

சுற்றிலும் லேசான சிரிப்பு. ஜெயலக்ஷ்மிக்கும் சிரிப்பு வந்தது. “ஏண்டி, எந்த ஊர் காக்காக்குடி ஒரு கால்?”

“நம்மாத்து ஜன்னலுக்கு வருமே, அதுக்கு. நான் தினம் சாதம் வெப்பேனே. அதைத்தான் போட்டேன்.”

“ஓ, அந்த நொண்டிக் காக்காவா? அதைப் போய் யாராவது கவுன்ல போட்டுப்பாளா? மாமி அழகா சரி பண்ணிக் கொடுத்திருக்கா, நீ பாட்டுக்கு...”

சுஜாவின் சிரிப்பு நின்றது. செண்பகவல்லியின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். “நீ மாத்தினியா செண்பகம்? கால் சேத்தியா?”

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது. சுஜா காத்துக்கொண்டுதான் நின்றாள். விரிப்பின் அந்தக் கோடியில் அனுஷா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. அம்மா இப்போது என்ன சொல்லப்போகிறாள் என்று பாடம் கேட்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்ல சேச்சி” என்றாள் செண்பகவல்லி. “துணியில என்ன கோடு இருந்துச்சோ, அதுமேலதான் நூல் போட்டோம்.”

சுஜா மூச்சு விட்டாள். ஜெயலக்ஷ்மி மகளின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். “கேட்டியோன்னோ? ரெண்டு கால் போட்டதே நீதான். போட்டுட்டு மறந்துட்டே.”

“நான் ஒண்ணுதான்மா போட்டேன்.”

“மாமி பொய் சொல்லுவாளா? துணியில இருந்துதாங்கறா. எத்தனை நாளாச்சு, உனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?”

ஜானவி காக்காவின் இரண்டு கால்களையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். முதலில் ஒன்றை, அப்புறம் மற்றதை. கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை.

“நானே போட்டேனோ என்னமோ” என்றாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். அவள் மீதித் தூரத்தை நடந்து முடித்தாள். கொஞ்ச நேரத்தில் சுஜா செண்பகவல்லியை மேடைக்குக் கூப்பிட்டு, பெயர் அச்சடித்த சீட்டை எல்லோருக்கும் உயர்த்திக் காட்டினாள். அச்சு நன்றாகத்தான் வந்திருந்தது. லிங்கராஜ் பின்வரிசையில் நின்று கை வலிக்கத் தட்டினான்.

வீடு திரும்பும் ஆட்டோ தம்பானூர் வந்து சேர்ந்தது. அங்கே தண்ணீர் தேங்கி ஆட்டோ நின்றபோது லிங்கராஜ் சொன்னான்: “நாளைக்குக்கூடச் சொல்லலாம், செண்பகம்.”

“என்னத்த?”

“உள்ளத.”

“இனிமே என்ன சொல்ல? எல்லாம் முடிஞ்சு போச்சு.”

முடியவில்லை. அந்தக் குழந்தை காலைத் தொட்டுப் பார்த்த விரல், இட்லிக்கு மாவு கரைக்கும்போதும், துணி வெட்டும்போதும், செண்பகவல்லிக்கு முன்னால் வந்து வந்து நின்றது. தான் கண்ணால் கண்டதை ஒரு பிள்ளை இல்லை என்று சொல்லும்படி செய்தாயிற்று. அதுவும் எந்தச் சட்டையைப் போட்டு? ‘ஒவ்வொரு கோடும் குழந்தையின் கைக்கோடு’ என்று சீட்டு வைத்த சட்டையைப் போட்டு. தூக்கம் போயிற்று. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் ஜெயலக்ஷ்மியின் நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் செய்தாள்.

“மாமி, நான் குட்டிவர செண்பகம். அந்தக் காக்காக் கவுனக் கொடுத்தனுப்பினா ஒரு கால் நூலப் பிரிச்சிரலாம். அடையாளமே தெரியாது. பாப்பா சொன்னதுதான் சரி மாமி. தப்பு எங்களுது.”

“ஐயோ, அதெல்லாம் வேண்டாம்” என்றாள் ஜெயலக்ஷ்மி. “இப்போ சமத்தா போட்டுண்டு திரியறா. யார் கேட்டாலும் ‘நான்தான் ரெண்டு கால் போட்டேன், மறந்துட்டேன்’னு அவளே சொல்றா. நீங்க திரும்பக் குழப்பிடாதீங்கோ. குழந்தைகள் எல்லாத்தையும் சட்டுனு மறந்துடும்.”

செண்பகவல்லி போனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெபமலர் மெஷினை மிதித்தபடியே கேட்டாள்: “எக்கா, என்ன சொன்னாவ?”

“மறந்துட்டாளாம்.”

“நல்லது.”

“நல்லதா?”

ஜெபமலர் மெஷினை வேகமாக மிதித்தாள். நூல் அறுந்தது. கோத்தாள்.

வீட்டில் அனுஷாவின் வித்தை எல்லோருக்கும் விளையாட்டாகிவிட்டது. சாப்பிட்டு முடித்த மதியங்களில் ஜெபமலர், “மக்கா, கைலாஷ் மாதிரி ஒரு ரயில் போடு பாப்போம்” என்பாள். உருண்டை உருண்டையாக, மேலும் கீழும் சக்கரம் வைத்து ஒரு ரயில் வரும். “சுமந்த் மாதிரி யானை.” பேனா இடது கைக்குப் போகும், நடுங்குகிற யானை வரும். லிங்கராஜ் அந்தத் தாள்களைக் கடைக்குக் கொண்டுபோய்க் கூட்டாளிகளிடம் காட்டினான். “யார் வரைஞ்சாலும் அச்சு அசலா அப்படியே போடுவா எம் மவ.” கிறிஸ்துமஸ் ஆர்டர் குவிந்து கிடந்தது. அந்தப் பரபரப்பில் செண்பகவல்லியும் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுவாள். முன்பெல்லாம் சுவரிலும் சிமென்ட் தரையிலும் பால் கவரின் பின்பக்கத்திலும் வந்துகொண்டிருந்த, டிரைவர் மட்டும் அழுகிற பஸ்களும், தலையில் குடை முளைத்த மீன்களும் வருவது நின்று நாளாயிற்று. அது அவள் கவனத்தில் படவே இல்லை.

டிசம்பரில் அனுஷாவுக்குப் பிறந்தநாள். இங்கே பள்ளிக்கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்தநாள் அன்றைக்கு மட்டும் அந்தப் பிள்ளை யூனிபார்ம் போட வேண்டாம். கலர் டிரஸ்ஸில் போய் வகுப்பு முழுக்க மிட்டாய் கொடுக்கலாம். மற்ற பிள்ளைகள் எல்லாம் நீலமும் வெள்ளையுமாக உட்கார்ந்திருக்க, அன்று அந்த ஒருத்தி மட்டும் தனியாகத் தெரிவாள்.

முந்தின ஞாயிற்றுக்கிழமை செண்பகவல்லி எல்லா வேலையையும் ஒதுக்கி வைத்தாள். நல்ல பருத்தியில் இளம்பச்சையாக ஒரு துணியை எடுத்து, தானே நனைத்து, தானே காயவைத்து, பலகையில் இழுத்துப் பொருத்தினாள். லிங்கராஜ் பழம்பொரி வாங்கிவந்து தட்டில் வைத்தான். மழை விட்ட மதியம். ஜன்னல் வழியே கிடங்கின் தகரக் கூரையில் வெயில் தகதகத்தது. மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

“இது முழுக்க உனக்கு. பொத்தான் எங்க வேணும், பாக்கெட் எங்க வேணும், நீ சொல்லு. அம்மா வாயே திறக்கமாட்டேன். என்ன தோணுதோ வரை. நாய் போடு, பேய் போடு, எத்தன கால் வேணும்னாலும் போடு. ஒண்ணையும் மாத்தமாட்டேன்.”

அனுஷா பழம்பொரி எண்ணெயைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். மூடியைத் திறந்தாள். துணியின்மேல் குனிந்தாள். பேனாவை வலது கையில் பிடித்தாள். பிறகு இடது கைக்கு மாற்றினாள். திரும்ப வலது கைக்குக் கொண்டுவந்தாள். முனை துணியைத் தொடவே இல்லை.

“போடு, கண்ணு” என்றாள் செண்பகவல்லி. “யாரும் அவசரப்படுத்தல.”

அனுஷா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

“யாரு மாதிரிம்மா போடணும்?”